மீனெண்ணெய் பூசிய சக்கரம்

கல்மண்டபத்தில் ஏறி, காசிமேடு வழியாக ஒரு நாள் காலையில் சைக்கிளில் போய்ப் பாருங்கள். அப்புறம் நான் ஏன் எப்போதும் மூக்கைச் சுளித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்க மாட்டீர்கள். ரோட்டின் இந்தப் பக்கம் மீன் செதிலும் குடலும். அந்தப் பக்கம் சரக்கு வண்டி மாடுகள் போட்டுவிட்டுப் போன சாணி. இரண்டுக்கும் நடுவில், மீன் கூடைகளிலிருந்து ஒழுகின ஐஸ் தண்ணீர் சிவப்பும் சாம்பலுமாக ஓடிக்கொண்டிருக்கும். அதில் சக்கரம் உருண்டால் தெறிப்பதெல்லாம் என் வெள்ளைப் புடவையில்தான் வந்து விழும். பத்து வருஷமாக இந்த வழியில் போகிறேன். பழகிவிடும் என்றார்கள். பழகுவதற்கு நான் என்ன ஈயா?

என் பெயர் சிலுவையம்மாள். வீடு ராயபுரம். வேலை காலடிப்பேட்டையில் ஒரு பிரசவ விடுதியில். நான் படித்துப் பாஸ் செய்த மருத்துவச்சிதான், நர்ஸ் இல்லை. இருந்தாலும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நான் நர்சம்மா. விடுதிக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பிரசவம் பார்க்க வேண்டும். மேற்கே மணலியைத் தாண்டிச் சடையங்குப்பம் வரைக்கும் என் எல்லை. பஸ் எட்டிப் பார்க்காத இடம். அதனால்தான் சைக்கிள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை சைக்கிள் மிதிப்பதைப் பார்த்து முதல் வருஷம் பூராவும் விசிலடித்தார்கள். விசிலடித்தவர்களின் பெண்டாட்டிகளுக்கெல்லாம் நான்தான் பிரசவம் பார்த்தேன். இப்போது வாயை மூடிக்கொண்டு வழிவிடுகிறார்கள்.

அப்போதெல்லாம் சாயங்காலம் வீடு திரும்பியதும் எனக்கு முதல் வேலை சைக்கிளைக் கழுவுவது. என் வீடு ஒரே அறை. சைக்கிளை வெளியே நிறுத்தினால் காலையில் அது இருக்காது. ஆகவே என் கட்டிலை ஒட்டித்தான் நிற்கும். குடலும் சாணியும் அப்பிய சக்கரத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு யாராவது தூங்குவார்களா? விடுதியிலிருந்து கொண்டுவந்த பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தேங்காய் நாரால் கம்பி கம்பியாகத் தேய்ப்பேன். ரிம்மின் மேலும் கீழும் மொண்டு மொண்டு ஊற்றுவேன். அந்த நெடி மூக்கில் ஏறினால்தான் எனக்கு மூச்சே விட முடியும். "நர்சம்மா சைக்கிளுக்கும் பிரசவம் பாக்குது" என்று தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சுத்தம் என்றால் என்னவென்று தெரியாத ஜனங்கள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் புரட்டாசியில் ஒரு நாள் அப்படிக் கழுவிக்கொண்டிருக்கும்போது, பின்சக்கரத்தில் ஒரு போக்ஸ் கம்பி கையோடு வந்துவிட்டது. இழுக்கக்கூட இல்லை, தொட்டேன், அவ்வளவுதான். குனிந்து பார்த்தால் ரிம் முழுக்கக் கொப்புளம். பளபளவென்று இருந்த முலாம் உரிந்து, உள்ளே செங்கல் பொடியாகத் துரு. டவுனில் ஒரு பெரிய கடையில் வாங்கிய ஜோடி அது. "சீமைச் சரக்கும்மா, பத்து வருஷத்துக்குக் கவலைப்படாதீங்க" என்று தலையை ஆட்டி ஆட்டி விற்றான். ஒன்றேகால் வருஷம் நிற்கவில்லை. எனக்கு உடனே மங்கையின் நினைவுதான் வந்தது.

மங்கை சடையங்குப்பத்துப் பெண். உப்பங்கழியில் இறால் பிடிக்கும் பொன்னுரங்கத்தின் மனைவி. அவளுக்கு அப்போது ஏழு மாதம். கார்த்திகையில் பிரசவம். அது அவளுக்கு இரண்டாவது. முதலாவது என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

முந்தின வருஷம் ஆடி மாதத்தில் ஒரு முற்பகல், பொன்னுரங்கம் மூச்சிரைக்க விடுதிக்கு ஓடிவந்தான். வலி கண்டுவிட்டது, ஆனால் கால் தெரிகிறது என்றான். கால் முதலில் வரும் குழந்தையை எடுக்கத் தெரிந்த கை அந்தப் பக்கத்தில் என் கை ஒன்றுதான். பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு பறந்தேன். மணலி தாண்டி மேடும் பள்ளமுமான ரோட்டில் இறங்கியதும் பின்சக்கரத்தில் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுபடத் தொடங்கின. ஐந்தோ ஆறோ போனதும் ரிம் அப்படியே மடங்கிச் சட்டத்தில் சிக்கிக்கொண்டது. தள்ளக்கூட வரவில்லை. சைக்கிளை ஓரத்தில் போட்டுவிட்டுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் குழந்தை. அரை மணி நேரம் முன்னால் போயிருந்தால் உயிரோடு எடுத்திருப்பேன். அதை நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மங்கையிடம் சொன்னேன். ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, "சக்கரம் வித்த கடைக்காரன்தான்டி உன் பிள்ளையைக் கொன்னுட்டான்" என்று சொன்னேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் காலை, மீன் ஏலம் முடிந்து கல்மண்டபத்தில் கூட்டம் நெரிகிற நேரம் பார்த்து, மடங்கிப்போன அந்தச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, அதை எனக்கு விற்ற அத்தாவுல்லா பாயின் சைக்கிள் கடைக்கு முன்னால் போய் நின்றேன். சக்கரத்தை அவர் காலடியில் வீசினேன். பழைய இரும்புக்குப் பெயின்ட் அடித்து விற்கிறவன், பச்சைப் பிள்ளையைத் தின்றவன், இந்தக் கடையில் காற்றடிக்கக்கூட யாரும் வராதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் பெரிய குரல். பிரசவ வலியில் அலறும் பெண்ணுக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய குரல். பாய் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனமே அவன் குற்றத்துக்குச் சாட்சி என்று அப்போது நினைத்தேன். அதற்குப் பிறகுதான் டவுனுக்குப் போய் அந்தச் சீமை ஜோடியை வாங்கினேன்.

இப்போது மறுபடி மங்கை, மறுபடி துருப்பிடித்த சக்கரம். இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. இந்தத் தடவை சாகாத சக்கரமாகப் பார்த்துப் போட வேண்டும் என்று கிளம்பினேன்.

கடை கடையாக ஏறினேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது. ஒருவன் வெற்றிலைச் சாற்றை வாயில் ஒதுக்கிக்கொண்டே, லேடிஸ் சைக்கிளுக்குக் கனமான ரிம் எதுக்கு, மார்க்கெட்டுக்குத்தானே போகப்போறீங்க என்றான். இன்னொருவன் முலாம் பூசிய ரிம்மை வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டி, இதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்றான். கிறிஸ்தவச்சியிடம் பொட்டு! நகத்தால் கீறினால் முலாம் பொடியாக உதிர்ந்தது. திருவொற்றியூரில் ஒருவன் எண்ணெய்க் கையை என் தோளில் வைக்கப் பார்த்தான். கையில் இருந்த துருக் கம்பியால் அவன் மணிக்கட்டில் ஒன்று போட்டுவிட்டு இறங்கினேன். எல்லாவற்றிலும் தகரம்தான் ரிம்மாக வளைந்திருந்தது. அழுத்தினால் விரலுக்கு அடங்கியது. இதை நம்பி ஒரு கர்ப்பிணி படுத்திருக்கிறாள் என்று எவனுக்காவது சொன்னால் புரியுமா? எனக்கு மனுஷ ஜாதியின் மேலேயே அருவருப்பு வந்தது.

அப்போதுதான் அப்பாவு கண்ணில் பட்டான். காசிமேட்டில் மீன் எடுத்து மணலி வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவன். கேரியரில் இடுப்பளவு கூடை. கூடையிலிருந்து மீன் தண்ணீர் நூலாக இறங்கி, நேராகப் பின்சக்கரத்தின் மேல் சொட்டிக்கொண்டே போகும். அவனைக் கண்டால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து ஒதுங்குவேன். அன்றைக்குத் தண்டையார்பேட்டையில் அவன் சைக்கிளை நிறுத்திப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். என் கண் அவன் பின்சக்கரத்தில் போய் நின்றது. கறுப்பு ரிம். எண்ணெய்ப் பிசுக்கும் செதிலும் அப்பிக் கேவலமாக இருந்தது. ஆனால் ஒரு பொட்டுத் துருகூட இல்லை.

முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கிட்டே போனேன்.

"இன்னா நர்சம்மா, மூக்க பொத்திக்கினு வர்றே? அவ்ளோ கப்பா அடிக்குது?" என்றான்.

"இந்தச் சக்கரம் போட்டு எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு வருசம் கீது."

"மூணு வருஷமா? இந்த மீன் தண்ணியிலயா?"

"பின்ன பன்னீருலயா வுடுவாங்க? ஒரு தபா வளைஞ்சுது, கோட்டம் எடுத்தேன். அத்தோட செரி."

"எந்தக் கடை?"

அப்பாவு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இன்னா, தெரியாத மேரி கேக்குறே? அத்தாவுல்லா பாய் கடைதான். நீயும் நானும் ஒரே நாள்ல தானே போட்டோம்? நான் முன்னால நிக்கறேன், நீ பின்னால மூக்க புடிச்சுகினு நிக்கறே. ஒரே கட்டுலேர்ந்து உருவி எனக்கு ஒண்ணு குட்த்தாரு, உனுக்கு ஒண்ணு குட்த்தாரு."

ஞாபகம் வந்தது. நாற்பத்தொன்பதாம் வருஷம். சணல் கயிற்றில் கட்டிய கறுப்பு ரிம்கள். இவன் கூடையின் நாற்றம் தாங்காமல் நான் அவசரப்படுத்தியது. அதே கட்டு, அதே ரிம், அதே ரோடு. என்னுடையது இரண்டு வருஷத்தில் இற்று விழுந்து ஒரு பிள்ளையைக் கொன்றது. இவனுடையது மூன்று வருஷமாக மீன் சாக்கடையில் உருண்டுகொண்டிருக்கிறது. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"வா என்கூட," என்றேன்.

"எங்க?"

"பாய் கடைக்கு."

கடை வாசலில் இறங்கினேன். முன்பு வாசலில் எட்டு வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். இப்போது இரண்டு நின்றன. எதிர்ப்பக்கம் புதிதாக வந்த சைக்கிள் கடையில் குப்பத்து ஆட்கள் கூடியிருந்தார்கள். பாய் தனியாக உட்கார்ந்து ஒரு பெடலைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். மறுபடி எதை வீசப்போகிறாள் என்று பார்த்தார் போலிருக்கிறது, என் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"டவுன்ல வாங்கினதும் போச்சு," என்றேன். வணக்கம் சொல்ல வாய் வரவில்லை. "இதையும் பாருங்க, அவன் சக்கரத்தையும் பாருங்க. ஏன் இப்படின்னு சொல்லுங்க."

பாய் என் சைக்கிளைக் கவிழ்த்தார். அப்பாவுவின் சைக்கிளையும் கூடையை இறக்கிவிட்டுக் கவிழ்த்தார். இரண்டு சக்கரங்களிலும் டயரையும் டியூபையும் உருவினார். அப்பாவுவின் ரிம்முக்குள் கறுப்பாக மீனெண்ணெய் மெழுகு மாதிரி படிந்திருந்தது. நான் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டேன். என் ரிம்முக்குள், கம்பி நுழையும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும், வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அந்த வெள்ளைக்கு அடியில் இரும்பே இல்லை, பொடிதான்.

"உப்பு," என்றார் பாய். "கடலோரத்துல எந்த ரிம்மக் கழட்டினாலும் வெள்ளையாத்தான் கீது."

"அப்ப அவனுக்கு ஏன் இல்லை? என்னைவிட அவன்தானே உப்புத் தண்ணியில போறான்?"

பாய் யோசித்தார். பிறகு அந்த வெள்ளையில் விரல் நுனியை ஒற்றி நாக்கில் வைத்தார். சட்டென்று முகம் கோணியது. வாசலுக்குப் போய் இரண்டு தடவை துப்பிவிட்டு வந்தார்.

"உப்பு கரிக்கல நர்சம்மா. தொண்டயக் கமறுது. இன்னாது இது?"

நான் குனிந்து மோந்தேன். ருசி பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது என் கையின் வாசனை. என் வாளியின் வாசனை. பத்து வருஷமாக என் அறையில் நான் ஆசையாக இழுத்து மூச்சு விட்ட அதே நெடி.

"தெனம் இன்னாத்துல கழுவுறீங்கோ?" என்று பாய் கேட்டார்.

"பிளீச்சிங் பவுடர்ல."

"தெனமுமா?"

"தினமும்தான்."

அப்பாவு பீடியை வாயிலிருந்து எடுத்தான். "ஐயய்யோ! எங்க வூட்டாண்ட கக்கூஸுக்குக் கொட்டுவானுங்களே, அதா? அது பட்ட வாளி நாலு மாசத்துல பொத்தலாப் பூடுமே!"

வாளி. விடுதியில் நாலு மாதத்துக்கு ஒரு முறை வாளிகள் ஓட்டையாகும். ஒவ்வொரு தடவையும் ஸ்டோர்க்காரனைத் திருடன், மட்டமான வாளி வாங்கி மிச்சம் பிடிக்கிறவன் என்று திட்டியிருக்கிறேன். அவன் ஒரு தடவை அழுதேவிட்டான். எத்தனையோ வருஷம் இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, வாளியைத் தின்கிற தண்ணீர் சக்கரத்தையும் தின்னும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அழுக்கு எப்போதும் மற்றவர்களிடம்தான் இருந்தது.

பாய் உள்ளே போய்ப் பரணிலிருந்து எதையோ இறக்கிக்கொண்டு வந்தார். நான் அவர் காலடியில் வீசிய சக்கரம். கறுப்பு ரிம் மடங்கினபடியே இருந்தது. துளைகளைச் சுற்றி அதே வெள்ளை.

"இதை ஏன் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஏதாச்சும் புரியுமான்னு அப்பப்போ எறக்கிப் பாப்பேன். வெள்ளையப் பாத்துட்டு உப்புன்னுதான் நெனச்சேன். உப்பு தாங்காத ரிம்ம நான்தான் வித்துட்டேன்னு முடிவு பண்ணிட்டேன்." சக்கரத்தைத் தரையில் வைத்தார். "அந்தக் கட்டுல மிச்சம் ஏழு ரிம்மு இருந்துது. எல்லாத்தையும் பழைய இரும்பா காயலான் கடையில போட்டுட்டேன். வேற யாருக்காச்சும் மாட்டி, அவங்க பாதி வழியில வுழுந்துட்டா? தொழுவறப்பல்லாம் அந்தக் கொழந்த நெனப்புதான் நர்சம்மா. மூஞ்சிகூடப் பாக்கல நான்."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில். மீன் குடலைப் பார்த்தும், வெற்றிலை எச்சிலைப் பார்த்தும், எண்ணெய்க் கையைப் பார்த்தும் எனக்கு வந்த அருவருப்பெல்லாம் ஒன்றுமே இல்லை. அன்று என் மேல் எனக்கு வந்ததுதான் அருவருப்பு. ஆனாலும் நான் கேட்டது இதுதான்: "இப்ப எந்தச் சக்கரம் போடலாம்?"

பாய் என்னைப் பார்த்தார். பிறகு தொழிலுக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கறுப்பு ரிம் இப்போது எங்கேயும் கிடைக்காது, இப்போது வருவதெல்லாம் தகரம், கைக்கே வளைகிறது என்றார். அந்தக் கட்டில் பிழைத்திருப்பது அப்பாவுவிடம் இருக்கும் அந்த ஒன்றுதான் என்றார்.

"இந்தக் கலீஜையா?" என்றேன். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

அப்பாவு சிரித்தான். "மூணு வருசம் மீன் தண்ணியில ஊறினுது. அதுக்கு மேல அதுக்கு இன்னா பரீட்ச வெக்கப் போறே? நீ எட்த்துக்கோ. எனுக்குப் புதுசா ஒரு ரிம்மு வாங்கிக் குடு, நான் பாத்துக்கறேன். எம் பொண்டாட்டிய நீதானே பொழைக்க வெச்சே."

பாய் அந்த ரிம்மையே எடுத்து, தடித்த கம்பியாக நாற்பதையும் புதிதாகப் போட்டுக் கட்டினார். ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்டு இறுக்கினார். சுற்றிவிட்டுக் கட்டை விரலை ஓரத்தில் வைத்துக் கோட்டம் பார்த்தார். பிறகு அப்பாவு தன் புட்டியிலிருந்து மீனெண்ணெய் ஊற்றிக் கந்தலால் துளைதுளையாகத் தேய்த்துக் கொடுத்தான். வாரத்துக்கு ஒரு தரம் இப்படித் தேய்க்க வேண்டும், சகதி பட்டால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும் என்றான். படகுக்குப் பூசுகிற எண்ணெய்.

"வாளிய மட்டும் கிட்ட கொண்டாராதீங்கோ," என்றார் பாய். அவ்வளவுதான் அவர் என்னிடம் கடிந்து சொன்னது.

அன்றையிலிருந்து என் அறை மீன் வாடை. தலையணை மீன் வாடை. ஜெபமாலைகூட மீன் வாடை. தூக்கம் வராமல் புரண்டு படுக்கும்போதெல்லாம் அந்தக் கறுப்புச் சக்கரம் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும். நாலைந்து முறை எழுந்து வாளியைத் தூக்கியிருக்கிறேன். தூக்கின கையோடு கீழே வைத்துவிட்டேன்.

கார்த்திகையில் ஐந்து நாள் விடாமல் மழை. ஆறாம் நாள் உச்சி வேளையில் பொன்னுரங்கம் தொப்பலாக நனைந்துகொண்டு விடுதி வாசலில் நின்றான். "வலி வந்துட்சு நர்சம்மா. ரோட்ல முட்டிக்குத் தண்ணி கீது."

கிளம்பிவிட்டேன். மணலி தாண்டியதும் ரோடே தெரியவில்லை, இரண்டு பக்கத்துக் கருவேல மரத்தை அடையாளம் வைத்து நடுவில் மிதித்தேன். போன தடவை கம்பி அறுந்த இடம் வந்தது. சக்கரம் தண்ணீருக்கடியில் எதிலோ ஏறி 'டம்'மென்று இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு கம்பிகூடச் சத்தம் போடவில்லை. இரண்டாவது தடவையும் இறங்கியது. மூன்றாவது தடவை நான் பயப்படுவதை விட்டுவிட்டு மிதித்தேன்.

குடிசைக்குள் நுழைந்தபோது தலை தெரிந்துவிட்டது. கொடி கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்று. முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றைத் தளர்த்தித் தலைக்கு மேலே எடுத்தேன். இரண்டாவது வரவில்லை. கொடியைக் கட்டி, நறுக்கிக் குழந்தையை எடுத்தேன். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினேன். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினேன். அப்புறம் கத்தியது பாருங்கள், அந்தக் குரல் என் குரலைவிடப் பெரியது. பெண் குழந்தை.

மங்கையின் மாமியார் அங்கம்மா குழந்தையைத் துணியில் வாங்கிக்கொண்டே என் பக்கம் மோந்து பார்த்தாள். "இன்னா நர்சம்மா, உன் மேல மீனு வாடை வருது? எங்க மேல அடிச்சாலே மூஞ்ச திருப்பிக்குவியே!" என்று சிரித்தாள். பொன்னுரங்கமும் சிரித்தான்.

மங்கை சிரிக்கவில்லை. குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். வாசலில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தாள். "இது எந்தக் கடைல போட்டது நர்சம்மா? மவராசன் நல்லா இருக்கணும். அந்தப் பாய் வெளங்குவானா? எம் மொதப் புள்ளய முழுங்கினவன். தெனம் வெளக்கு வெக்கறப்ப அவனுக்கு ஒரு சாபம் வுட்டுட்டுதான் வெப்பேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிள்ளை பெற்ற உடம்பு, இப்போது எதற்கு என்று ஒரு சமாதானம் தயாராகவே இருந்தது. அந்தச் சமாதானம் எனக்கே நாறியது. கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"இந்தச் சக்கரமும் அவர் கட்டினதுதான். போன வருஷம் மடங்கினதும் அவர் வித்த நல்ல சக்கரம்தான், மங்கை. கெடுத்தது நான். தினமும் பிளீச்சிங் பவுடர் ஊத்திக் கழுவிக் கழுவி இரும்பை நானே அரிச்சுட்டேன். சாபம் விடணும்னா எனக்கு விடு."

அங்கம்மா குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். பொன்னுரங்கம் வெளியே போய்விட்டான். மங்கை என்னைப் பார்த்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பாயாண்ட சொன்னியா?" என்றாள்.

"அவருக்குத் தெரியும்."

"அத்த கேக்கல. கல்மண்டபத்துல, ஏலம் முடிஞ்சு வர்ற அத்தினி ஜனம் முன்னால திட்டினியாமே. எங்காளுங்க எல்லாம் கேட்டுகினுதான் இருந்தாங்களாம். அன்னியோட அவன் கடைக்கு ஒர்த்தரும் போறதில்ல. அந்த அத்தினி ஜனத்தாண்டயும் சொன்னியா?"

மங்கை குழந்தையோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. ஏலம் முடிந்து கூடைகளும் வண்டிகளும் கல்மண்டபத்தில் வந்து முட்டிக்கொள்கிற நேரம். ரோடு முழுக்க மீன் தண்ணீர். அதற்குள்ளேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், அத்தாவுல்லா பாயின் கடைக்கு முன்னால் போன வருஷம் நின்ற அதே இடத்தில் நின்றேன். எதிர்க் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூடைக்காரிகள் நடையை மெதுவாக்கினார்கள். யாரும் என்னை மறக்கவில்லை.

பாய் பதறி எழுந்தார். "இன்னா நர்சம்மா, ரிம்மு போச்சா?"

"ரிம்முக்கு ஒண்ணும் ஆகலை பாய். நீங்க உக்காருங்க," என்றேன். மூக்கிலிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்து, ரோட்டின் பக்கம் திரும்பி, அன்றைக்குக் கத்தின அதே குரலில் ஆரம்பித்தேன்.